டின்னுக்குள் நடந்தவன்

பாக்கியம் வீட்டில் மரவள்ளி மாவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறாயுசு' என்று வரும். இப்படிப்பட்ட இடத்தில் காது கேளாதவன் மட்டும்தான் யோக்கியனாக இருக்க முடியும். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் நன்றாகக் காது கேட்டது.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். அரிசியைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைப்பற்றிச் சொந்தக்காரனைப்பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். மற்றபடி எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கு. அவித்தால் கிழங்கு, அரைத்துப் பிழிந்து காயவைத்தால் மாவு, மாவைத் தட்டிச் சுட்டால் ரொட்டி என்று பேர். அந்த மாவைத்தான் பாக்கியத்தின் இளைய மகன் தியாகு அடுப்பில் வைத்துப் பசையாகக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, திங்கிற மாவ எடுத்து காகிதத்துக்குப் பூசுறியே. காகிதமா பசிக்குதுன்னு அழுதிச்சி?"

"கொஞ்சூண்டுதாம்மா. ஒட்டலன்னா சுத்துறப்ப பிச்சிக்கிட்டுப் போயிரும்."

"போவட்டும். இங்க வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. அதுக்கு யாரு பச வெச்சா?"

அடுத்த வீட்டு ருக்மணிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. சுவர் வழியாகவே பேசினாள். "பாக்கியக்கா, விடுங்க லா. அவன் பாஸ் பண்ணிட்டா ஆப்பீஸ்ல எடுத்துக்குவான் ஜப்பான்காரன். கையில கட்டிக்க கைப்பட்டி குடுப்பான், அரிசி குடுப்பான். சயாமுக்கு வான்னு எவனும் கூப்பிட முடியாது. மாவுக்குப் பாத்தா முடியுமா?"

"ஒனக்கு அடுப்புல வேல இல்லியா ருக்மணி?"

"அடுப்புல ஏதாச்சும் இருந்தாத்தானே வேல."

ருக்மணி சொன்னதில் தப்பில்லை. சண்டைக்கு முன்னால் தியாகு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதை மூடிவிட்டு ஜப்பான் பாஷைப் பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கே போனான். படிப்பு முடிகிற நாளில் ஒவ்வொரு மாணவனும் தன் கையால் செய்த ஒன்றை எல்லாருக்கும் காட்ட வேண்டும். முதலாவதாக வருகிறவனைப் பிரசார ஆப்பீசுக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கதை அவரவர் அதிர்ஷ்டம். அந்த வருஷம் அதிர்ஷ்டம் என்பதற்குச் சயாம் ரயில்பாதைக்கு ஆள் ஏற்றும் லோரியில் ஏறாமல் இருப்பது என்று அர்த்தம்.

தியாகு செய்ததை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். வட்டமான பிஸ்கட் டின். அதன் மேல்பாதியில் சுற்றிலும் ஆணியடித்துச் சன்னமாகக் கீறல் கீறலாக வெட்டியிருந்தான். உள்ளே கீழ்ப்பாதியில் ஒரு நீளக் காகிதம். அதில் பன்னிரண்டு படம், ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் மாறி. டின்னைப் பம்பரம்போல் ஒரு கட்டையின்மேல் நிறுத்திச் சுற்றிவிட்டு, கீறல் வழியாகப் பார்த்தால் படம் அசையும். அக்கம்பக்கத்தில் இருந்த தெய்வநாயகம், வீட்டிலும் மலாய் பேசும் மலாக்காச் செட்டிக்காரர், முதன்முதலில் பார்த்துவிட்டு, "வாயாங் டின்" என்று தம் மலாயில் சொல்லிச் சிரித்தார். வாயாங் என்றால் கூத்து. அன்றிலிருந்து அது டின் வாயாங்.

முதலில் ஒரு கோழி கொத்தியது. கொத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் மரத்திலிருந்து தேங்காய் விழுந்தது. விழுந்த தேங்காய் மறுபடி மேலே போய் மறுபடி விழுந்ததைப் பார்த்த தெய்வநாயகம் இப்படி ஒரு மரம் இருந்தால் ஜப்பான்காரனைப்பற்றிக் கவலையில்லை என்றார். பிறகு ஒரு பெண் முறத்தில் புடைத்தாள். முகமே போடவில்லை, முதுகுப்பக்கம்தான். ருக்மணி மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இடுப்பு அவ்ளோ பெருசாடா?" என்று கேட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தியாகு இதிலிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படிப்பட்ட பாடத்தைக் கற்றுக்கொள்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைச் சென்செய் என்பார்கள். அந்த மொரிதா சென்செய் தம் ஊரில் அசையும் படம் செய்கிற பட்டறையில் இருந்தவராம். தியாகுவின் கோழியைப் பார்த்து, கடைசி நாளுக்கு 'வேலைக்குப் போகிறவன்' என்று ஒன்று செய்யச் சொன்னார். கோழி சுலபம், மனிதன் நடப்பதுதான் கஷ்டம், அதைச் செய்தால் நீ முதலாவது என்றாராம்.

இனி சொல்வதில் முன்பே காதில் விழுந்ததும் உண்டு, பின்னால் தெரிந்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாக்கியத்துக்கு மூத்த மகன் ஒருவன். கணேசமூர்த்தி. மலாக்கா ரயில் ஸ்டேஷனில் லைன் வேலை. ஜப்பான்காரன் வந்து, மலாக்காவிலிருந்து தம்பின் என்ற ஊருக்குப் போகும் தண்டவாளத்தையெல்லாம் கழற்றிச் சயாமுக்கு ஏற்றினான். கழற்றிப்போட்டது மூர்த்தியின் கூட்டம்தான். கழற்றி முடித்ததும் தண்டவாளம் போன வழியிலேயே அவர்களையும் லோரியில் ஏற்றினார்கள். தம்பின் பக்கம் ரப்பர்காட்டில் லோரி மெதுவாகப் போனபோது நாலைந்து பேர் குதித்தார்கள். யார் யார் குதித்தார்கள் என்று காவல்காரனுக்கே தெரியாது. அகப்பட்டவனை அடித்து ஏற்றினான், அகப்படாதவனையும் போனவன் கணக்கில் எழுதிக்கொண்டான். மூர்த்தி குதித்ததில் இடது கணுக்கால் போய்விட்டது. காட்டிலேயே கிடந்து, ஊர்ந்து, எப்படியோ வீடு வந்து சேர்ந்தான்.

வரிசைக்குப் பாக்கியம் சொன்னது ஒன்றுதான். "பெரியவன் சயாமுக்குப் போயிட்டான்." சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். துடைத்துவிட்டு மூன்று பேருக்குக் கிழங்கு உரிப்பாள். நாங்கள் உரித்த தோலைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, அந்தம்மாவுக்கு நல்ல பசி என்று பேசிக்கொண்டோம். எங்கள் வரிசை வாயாடி வரிசைதான். இருந்தாலும் சில விஷயங்களை வாயில் போட்டால் விழுங்கிவிட வேண்டும் என்பது எங்களுக்கும் தெரிந்திருந்தது.

பின்கட்டில் அடுப்படிக்கும் குளிக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு நடை. இரண்டு பக்கமும் தகரம். பகலில் ஆண்களும் பெண்களும் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்ட நேரத்தில் மூர்த்தி அங்கே நடப்பான். கால் மரத்துப்போகாமல் இருக்க வேண்டுமே. தியாகு ஓரத்தில் குந்திக்கொண்டு பழைய ரப்பர் லேபலின் பின்பக்கத்தில் வரைவான். மை, அடுப்புக்கரி கரைத்தது.

"அண்ணே, இன்னொருவாட்டி."

"எத்தனவாட்டிடா? நடந்த நடைக்கு இந்நேரம் சயாமே வந்திருக்கும்."

"எடது காலு தரையில படுறப்ப தோளு எறங்குது பாரு. அந்த எடம்தான் வரமாட்டேங்குது. மெதுவா."

"நொண்டிய எதுக்குடா வரையிற? நேரா நடக்கிற மாதிரி போடு. முந்தி நல்லாத்தான நடந்தேன்?"

"போட்டுப் பாத்தேன். மரப்பொம்ம மாதிரி இருக்கு. உசுரு இல்ல."

"காலு நல்லா இருந்தா உசுரு இல்லியா? நல்லா இருக்கு ஓங்க சென்செய் படிப்பு."

"முந்தி நீ நடந்தப்ப நான் எங்க பாத்தேன்? இப்பத்தான பாக்குறேன்."

மூர்த்தி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுபடி நடந்தான். லைன் வேலைக்காரர்கள் சம்மட்டியைத் தோளில் போட்டு இடுப்பில் கை கொடுத்து நடப்பார்கள். சம்மட்டி போய்விட்டாலும் கை அங்கேயே நின்றுவிட்டது.

"மொகத்தப் போடாதடா."

"மொகமே இல்ல. தொப்பிய எறக்கி வெச்சிட்டேன். யாருக்குத் தெரியப்போவுது?"

நாள் முழுவதும் மூலையில் உட்கார்ந்து கூரையை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குத் தம்பிக்காக நடப்பது ஒரு வேலையாகிவிட்டது. தியாகு பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் பிந்தினால், "எங்கடா போன, நான் நடக்க வேணாமா?" என்று அதட்டுவான். படம் முடிந்து டின்னைச் சுற்றிக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தானாம். "நான் இவ்ளோ நல்லா நடக்குறனா?" என்று மட்டும் கேட்டானாம்.

படிப்பு முடிகிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்துத் திடலில் ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்குப் பக்கம் பார்த்து எல்லாரும் குனிந்தோம். குனிந்து குனிந்து எங்களுக்கு அந்தத் திசை மனப்பாடம். முன்வரிசையில் ஜப்பான் அதிகாரிகள். அவர்களில் சயாமுக்கு ஆள் அனுப்புகிறவனும் ஒருவன், குட்டையாக, பூட்ஸ் பளபளவென்று. அடுத்த வரிசையில் தெருத்தலைவர்கள். எங்கள் வரிசைக்குத் தலைவர் அப்பாசாமி. முன்பு முனிசிபாலில் மண்டோர், கூலிகளுக்கு மேஸ்திரி. சத்தம் போட்டே வாழ்ந்த மனிதர். ஒரு முறை சயாம் லோரிக்குக் கொடுத்த ஆள் குறைந்ததற்கு நடுத்தெருவில் அறை வாங்கியதிலிருந்து மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் பெற்றவர்கள். பாக்கியம் வெளுத்த சேலையில் ருக்மணியோடு நின்றாள்.

ஒருத்தன் கூடை முடைந்திருந்தான். ஒருத்தன் ஜப்பான் பாட்டை மனப்பாடமாகப் பாடினான். கலியாணசுந்தரம் என்ற பையன், எப்போதும் தியாகுவுக்கு அடுத்ததாக வருகிறவன், ஜப்பான் பாஷையில் நீளமாகப் பேசினான். கைதட்டினார்கள். அப்புறம் டின் வந்தது.

சுற்றிவிட்டதும் வரிசையாக வந்து பார்த்தார்கள். குட்டை அதிகாரி குனிந்து பார்த்தான், சிரித்தான், மறுபடி சுற்றச் சொன்னான். அப்பாசாமி பார்த்தார், சிரிக்கவில்லை. பெற்றவர்கள் முறை வந்தபோது ருக்மணி முதல் ஆளாகப் போய்க் கண்ணை வைத்தாள்.

"அட, இது நம்ம மூர்த்தி நடையில்ல? அந்தத் தோளு, இடுப்புல கைய வெக்கிறது..."

பாக்கியம் நின்ற இடத்திலேயே மரமாகிவிட்டாள். தியாகு சுதாரித்துக்கொண்டான். "ஆமாக்கா. அண்ணன நெனச்சித்தான் போட்டேன். சயாமுக்குப் போயிட்டாரில்ல, ஒரு ஞாபகத்துக்கு."

"காலு மட்டும் ஏன் இழுக்குது?"

"சும்மா போட்டேன்க்கா. பாக்க நல்லா இருக்கும்னு."

நல்ல பொய். கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. மொரிதா சென்செய் எழுந்தார். டின்னைத் தாமே சுற்றினார், பார்த்தார், மறுபடி சுற்றினார். சபையைப் பார்த்து ஜப்பான் பாஷையில் உருக்கமாக ஏதோ சொன்னார். பெற்றவர்களுக்காக அதைத் தமிழில் சொல்வது வகுப்பின் முதல் மாணவன் கடமை. தியாகுவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றான்.

இவ்வளவு நேரம் பேசினது இதற்குத்தானா என்று நாங்களே நினைத்தோம். கலியாணசுந்தரம் கையைத் தூக்கினான். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது இடத்தில் இருப்பவனுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் அடிக்கடி வருவதில்லை.

"சென்செய் அதவிட நெறைய சொன்னாங்க" என்று ஆரம்பித்து, ஒரு எழுத்து விடாமல் அழகான தமிழில் சொன்னான். "இது நினைவில் இருந்து வரைந்த படம் அல்ல. நினைவில் இருந்து வரைகிறவனுக்கு இந்தக் கால்விரல் வராது. அடிபட்டு இன்னும் குணமாகாத கால் தரையைத் தொடுகிற விதம் இது. இந்த மாணவன் அந்த மனிதனைப் பக்கத்தில் இருந்து தினந்தோறும் பார்த்து வரைந்திருக்கிறான். இதுவே உண்மையான உழைப்பு."

எல்லாரும் கைதட்டினார்கள். அதிகாரிகள் தட்டியதால் நாங்களும் தட்டினோம். அப்பாசாமி தட்டவில்லை. பாக்கியம் தட்டினாள், கை தானாகத் தட்டியது. தியாகு முதலாவதாக வந்தான். சென்செய் அவன் தோளில் கை வைத்து ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார். நல்ல மனிதர். தாம் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அப்பாசாமி பாக்கியம் வீட்டுக்கு வந்தார். ருக்மணி வீட்டில் அடுப்பு திடீரென்று அணைந்தது. நாங்களும் பேச்சை நிறுத்தினோம்.

"பாக்கியம், தண்ணி குடு."

குடித்தார். "எந்த ரூம்புல இருக்கான்?"

"யாரு?"

"சுசா பண்ணாத, தொல்ல குடுக்காத. நான் கத்துறதுக்கு வரல."

"என் புள்ள சயாமுல இருக்கான் மண்டோரே. ஒங்க கையாலதான ஏத்தி வுட்டீங்க?"

"ஏத்திதான் வுட்டேன். நேரா நடந்து ஏறுனான், என் கண்ணு முன்னாடி. அவன் காலு எப்ப ஒடைஞ்சிச்சி? ஏறுனதுக்கப்புறந்தான? ஒடைஞ்ச கால ஒன் சின்னவன் எங்க பாத்தான்?"

பாக்கியம் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானா சொல்லிருக்க மாட்டேன். தோலு மூணாளு தோலுன்னு என் பொஞ்சாதியே சொன்னா. வாய மூடுன்னு சொன்னேன். இப்ப ஜப்பான்காரன் முன்னாடியே, அத்தன பேரு கேக்க, தமிழ்ல வேற சொல்லிட்டான் அந்தப் பய. நாளைக்கி அந்தக் குட்டையன் கூப்ட்டு, ஒன் வரிசையில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், ஒனக்குத் தெரியாதான்னு கேப்பான். நான் என்னா சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"சொன்னா என்னையும் ஏத்துவான், என் மருமவனையும் ஏத்துவான், அதுக்கப்புறம் வந்து ஒன் புள்ளையவும் இழுத்துக்கிட்டுப் போவான். மூணு பேரு போவணுமா, ஒருத்தன் போவணுமா, நீயே சொல்லு."

"என்னைய ஏன் கேக்குறீங்க? நான் பெத்தவ. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது."

அப்புறம் பின்கட்டிலிருந்து காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. எங்களுக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது, படத்தில் பார்த்த அதே நடை.

"நான் வர்றேன் மண்டோரே" என்றான் மூர்த்தி. "எங்கம்மாகிட்ட கேள்வி கேக்காதீங்க."

அப்பாசாமி அழுதார் என்று ருக்மணி சொன்னாள். சளி என்று அவர் மனைவி சொன்னாள்.

தியாகு அதற்குள் சென்செய் வீட்டுக்கு ஓடியிருந்தான். அவர் வீட்டு முன்னால் குனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். சென்செய், ஆள் அனுப்புவது தம் இலாகா இல்லை என்றார். பிறகு, காலில் குறை இருப்பவனை ஆஸ்பத்திரி டிரெஸர் சோதித்துத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம், அதைச் சொல்லிக் கேளுங்கள் என்றார்.

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த வீடு மறுபடி மூச்சுவிட்டது. விடிந்ததும் பாக்கியம் மகனுக்கு நொண்டச் சொல்லிக்கொடுத்தாள். உடைந்த காலோடு இருக்கிறவனுக்கு நொண்டப் பாடம்.

"இன்னும் கொஞ்சம் இழு. மூஞ்ச சுளி."

"நோவுதும்மா."

"நோவட்டும். நோவுற மாதிரி தெரியணும்."

லோரி நின்ற இடத்துக்கு நாங்களும் போனோம். பாக்கியத்துக்குத் துணை என்று பேர். டிரெஸர் தமிழர்தான். மூர்த்தியின் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். வீங்கி, எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. தலையை ஆட்டி, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதப் போனார். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது.

குட்டை அதிகாரி வந்தான். மூர்த்தியை மேலும் கீழும் பார்த்தான். முகம் மலர்ந்தது. பழைய சிநேகிதனைக் கண்டவன்போல இடுப்பில் கை வைத்துக் காட்டினான், தோளை இறக்கிக் காட்டினான், சிரித்தான். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். அவர் டிரெஸரிடம் சொன்னார்.

"இந்த ஆள் நடக்குறத தொரை பாத்திருக்காராம். எவ்ளோ நேரம் சுத்துனாலும் நிக்கவே இல்லியாம். நல்லா நடப்பான், ஏத்துங்கன்றாரு."

"ஐயா, அது படம்" என்றான் தியாகு. ஜப்பான் பாஷையில் சொன்னான், தமிழில் சொன்னான், மலாயிலும் சொன்னான். "படம்தான் நிக்காது. மனுசன் நிப்பான். பன்னெண்டு படம்தான், திரும்பத் திரும்ப வருது."

அதிகாரி அவன் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினான். முதலாவதாக வந்த பையன் என்று அவனுக்கு ஞாபகம் இருந்தது.

மூர்த்தியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறின பிறகு அம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்து, "அந்த எடது காலு சரியாத்தான்டா வந்திருக்கு. அழுவாத" என்றான். லோரி போயிற்று. இந்தத் தடவை பின்பக்கம் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான்.

தியாகுவுக்குக் கைப்பட்டி வந்தது. வேலை வந்தது. அரிசி வந்தது. அந்த வீட்டில் சோறு வெந்த வாசனை வரிசை முழுதும் அடித்தது. ஒருவர்கூடப் பொறாமைப்படவில்லை, எங்களுக்கே அது அதிசயம்.

பிரசார ஆப்பீசில் அவனுக்குக் கொடுத்த முதல் வேலை, அதே பன்னிரண்டு படத்தைப் பெரிதாக வரைவது. பெரிய எண்ணெய் டின்னை வெட்டிக் கொடுத்தார்கள். மை கொடுத்தார்கள், நல்ல காகிதம் கொடுத்தார்கள், பசைக்குத் தனியாக மாவு கொடுத்தார்கள். மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மேலே துணியில், 'காலில் குறையுள்ளவனும் மகிழ்ச்சியோடு போகிறான். நீ?' என்று எழுதியிருந்தது. அதையும் தியாகுதான் எழுதினான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்கிற ஆளை நாங்கள் அந்த வருஷங்களில் எங்கேயும் பார்க்கவில்லை.

தெங்கேராவில் டின் வைத்த அன்று பாக்கியம் போனாள். மறுவாரம் கிளேபாங்கில் வைத்தபோது அங்கேயும் நடந்தே போனாள். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் போனபோது நானும் ருக்மணியும் கூடப் போனோம். வெயில். மலாய்க்காரர்கள், சீனர்கள், தோட்டத்துத் தமிழர்கள், எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சினிமாவுக்கு வழியில்லாத காலத்தில் இது சும்மா கிடைத்த கூத்து. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

பாக்கியம் முறை வந்தது. குனிந்து கீறலில் கண்ணை வைத்தவள் நிமிரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காவலுக்கு நின்றவன், "ஏ, போதும், அடுத்த ஆளு" என்றான். அவள் அசையவில்லை. டின் வேகம் குறைந்து, படம் தள்ளாடி, நிற்கப் போனது. தியாகு தலையைக் குனிந்துகொண்டே மறுபடி சுற்றிவிட்டான். அம்மா என்று அவன் கூப்பிடவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை.

"அவ்ளோ வேகமா சுத்தாத தம்பி" என்றாள், கண்ணை எடுக்காமலே. "அவனுக்குக் காலு நோவும்."